கொட்டாவியில் உயரும் கை, முயன்றால் ஏன் உயர்வதில்லை?

கேள்வி: 64 வயதாகும் என் அப்பாவுக்கு ஏழு வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு தெளிவாக இருக்கிறது. பிடித்துக்கொண்டு சில அடிகள் நடக்கிறார். ஆனால் வலது கையைச் சிறிதும் அசைக்க முடியவில்லை. மூளையின் இடப்பக்கத்தில் ‘இன்டர்னல் கேப்சூல்’ என்ற இடத்தில் சிறிய அடைப்பு என்று ஸ்கேன் அறிக்கையில் உள்ளது. ஆனால், அவர் கொட்டாவி விடும்போது அதே கை தானாக மடங்கி மார்பு வரை உயர்கிறது! “கை நன்றாகத்தான் இருக்கிறது, மனம் வைத்தால் தூக்கலாம்” என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு அப்பா உடைந்துபோகிறார். உண்மையில் அவர் முயலவில்லையா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் அப்பா முயல்கிறார்; அந்த முயற்சி கைக்குப் போய்ச் சேரவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது என்று உறவினர்கள் சொல்வதும் பாதி உண்மையே. கையின் தசைகளும், அவற்றை இயக்கும் தண்டுவட நரம்பணுக்களும் சேதமடையவில்லை. அறுந்திருப்பது மூளைக்கும் அந்தத் தண்டுவட நரம்பணுக்களுக்கும் இடையிலுள்ள பாதை.

‘கையைத் தூக்கு’ என்று நாம் எண்ணும்போது, பெருமூளையின் மேற்பரப்பிலுள்ள இயக்கப் பகுதியிலிருந்து கட்டளை புறப்படுகிறது. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இரு மருத்துவர்கள், நாயின் மூளைப்பரப்பில் ஒரு பக்கம் மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது எதிர்ப்பக்கக் கால்கள் அசைந்ததைக் காட்டினார்கள். மூளைப்பரப்பில் இயக்கத்திற்கென ஓர் இடம் உண்டு என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. அங்கிருந்தும் அதை அடுத்த பகுதிகளிலிருந்தும் பக்கத்திற்கு ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பிழைகள் கீழிறங்குகின்றன. இவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு, மூளை முடிந்து தண்டுவடம் தொடங்குவதற்குச் சற்று மேலே, முகுளத்தில் எதிர்ப்பக்கம் மாறுகின்றன. இடப்பக்க மூளையின் அடைப்பு வலது கையை முடக்குவது இதனால்தான். கைக்குரிய இழைகள் கழுத்துப்பகுதித் தண்டுவடத்தில் அடுத்த நரம்பணுக்களைத் தூண்ட, அவை தசையைச் சுருங்கச் செய்கின்றன. மூளைப்பரப்பில் விரிந்து கிடக்கும் இழைகளெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும் குறுகிய இடமே உங்கள் அறிக்கையிலுள்ள இன்டர்னல் கேப்சூல். மேற்பரப்பில் ஏற்பட்டிருந்தால் சில விரல்களோடு நின்றிருக்கக்கூடிய ஒரு சிறிய அடைப்பு, இந்த இடத்தில் ஏற்படும்போது பாதி உடலையே முடக்கிவிடும்.

இனி கொட்டாவிக்கு வருகிறேன். தசையை நேரடியாக இயக்கும் தண்டுவட நரம்பணு, பெருமூளைக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று. மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறு பாதைகளும் அதே நரம்பணுவில் வந்து சேர்கின்றன. எந்தப் பாதையில் வந்த கட்டளையானாலும் தசையை அடைய இந்த நரம்பணுவே கடைசி வழி என்று பிரிட்டிஷ் உடலியலாளர் ஷெரிங்டன் விளக்கினார். கொட்டாவியைத் தொடங்கி நடத்துவது நம் விருப்பமன்று, மூளையின் பழைய, ஆழமான பகுதிகள். அங்கிருந்து வரும் பாதை அடைப்புக்குக் கீழே தப்பித்திருப்பதால், சொல்லியும் எழாத கை கொட்டாவியில் எழுகிறது என்று கருதப்படுகிறது. இது அரிதான புதுமையன்று. 2005இல் பிரெஞ்சு மருத்துவர் வலூசின்ஸ்கியும் உடன் ஆய்ந்தவர்களும் இதற்குத் தனிப் பெயரே சூட்டினர். முகத்திலும் இப்படி நிகழ்வதுண்டு. பல்லைக் காட்டச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும் சிலருக்கு, பேரனைப் பார்த்துத் தன்னையறியாமல் சிரிக்கும்போது இரு பக்கமும் சமமாக விரியும். அவரை யாரும் நடிக்கிறார் என்று சொல்வதில்லை. உங்கள் அப்பாவையும் சொல்லக் கூடாது.

கால் முந்திக்கொண்டதற்கும் இதே விளக்கம் பெரும்பாலும் பொருந்தும். நிற்பதற்கும் நடப்பதற்கும் மூளைத்தண்டின் பாதைகள் ஓரளவு கைகொடுக்கும். விரல்களின் நுணுக்கமான அசைவோ பெருமூளையிலிருந்து வரும் அந்த ஒரே பாதையையே பெரிதும் நம்பியுள்ளது.

கொட்டாவியில் கை உயர்வதைக் குணமடைவதன் அறிகுறியாகக் கொள்ளாதீர்கள். கேட்டுக்கொண்டவுடன் விரலைச் சற்றேனும் நீட்ட முடிகிறதா, தோளைப் பக்கவாட்டில் உயர்த்த முடிகிறதா என்பதைக் கவனியுங்கள். சிறு துடிப்பு தெரிந்தாலும் இயன்முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். மடக்குவதைவிட நீட்டுவது பிந்தியே வரும் என்பதால், வீடுகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் ரப்பர் பந்தை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே மூடிக்கொள்ள விரும்பும் கைக்கு மூடவே பயிற்சி தருவானேன்? மேசைமேல் விரித்த துண்டில் கையை வைத்து, நல்ல கையின் துணையோடு முன்னும் பின்னும் தள்ளுவது, அகன்ற டம்ளரைச் சுற்றி விரல்களை விரித்து வைப்பது போன்றவற்றை, அவர் கையைப் பார்த்தபடியே, மனத்தாலும் முயன்றபடியே, நாளில் பலமுறை செய்யட்டும். நல்ல கையை உறையிட்டு அடக்கி, நோயுற்ற கையைப் பழக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அதன் பயனைக் காட்டியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நீட்டக்கூடியவர்கள். உங்கள் அப்பாவின் இடது கையை இப்போது கட்டிப்போட்டால், அவரால் எதையுமே செய்ய முடியாமல் போகும்.

எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசை தளர்ந்திருக்கும் தோள் எளிதில் இறங்கி, வலி பல மாதம் நீடிக்கும். உட்காரும்போது முழங்கையின் கீழ் தலையணை வையுங்கள். வாரங்கள் செல்லச் செல்ல முழங்கையும் விரல்களும் இறுகத் தொடங்கினால், அதை வலிமை திரும்புவதாக எண்ணிக் காத்திருக்க வேண்டாம். மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்கள் மிகைப்பட்டுத் தசை இறுகுகிறது. நீட்டுப் பயிற்சி, மாத்திரை, தேவைப்பட்டால் போட்டாக்ஸ் ஊசி ஆகியவற்றால் தளர்த்தலாம்.

கொட்டாவி வரும்போது கையை அழுத்திப் பிடித்துத் தடுக்க வேண்டியதில்லை. அது தானே தாழ்ந்துவிடும். சூடான காபி டம்ளரை மட்டும் அவரது வலப்பக்கத்தில் வைக்காமல் இருங்கள்.