கல்லூரி நகரங்களில் தலைக்கணக்கு ஏன் தவறுகிறது?

"மாணவர்கள் சில ஆண்டுகளில் போய்விடுபவர்கள்தானே, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களை எண்ணாவிட்டால் நகரத்துக்கு என்ன நட்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் மாறுவார், அறை காலியாக இருக்காது. குப்பை அள்ளுவதும் பஸ் விடுவதும் ஒவ்வோர் ஆண்டும் அதே அளவு கூட்டத்துக்குத்தான்.

ஒருவர் பெரும்பாலான நாட்கள் எங்கே தங்கி உறங்குகிறாரோ, அங்கேதான் அவரை எண்ண வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கெடுப்பின் விதி. 2020-இல் அதற்கான நாள் ஏப்ரல் 1. அதற்குள் கொரோனா வகுப்பறைகளை மூடிவிட்டது. விடுதி மாணவர்களின் விவரத்தைப் பல்கலைக்கழகமே தந்துவிடலாம். சிக்கல் வெளியே வாடகைக்கு இருந்தவர்களிடம்தான்: கதவில் பூட்டு, கணக்கெடுப்புக் கடிதம் தபால் பெட்டியில், குடியிருந்த நால்வரும் நான்கு ஊர்களில். பெற்றோரோ, பிள்ளை கண்முன்னே உட்கார்ந்திருக்கிறதே என்று தங்கள் வீட்டுப் படிவத்தில் பெயரை எழுதிவிட்டார்கள். பாசத்துக்கு விதி தெரியுமா!

இந்தியானா பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டனில் 2010-இல் 80,405 பேர். 2020-இல் 79,168 பேர். வளர்ந்துவரும் ஊர் என்று நினைத்திருந்தவர்கள் திகைத்ததில் வியப்பில்லை.

சாலை, வீட்டுவசதி, சுகாதாரம் எனக் கூட்டரசு பிரித்துத் தரும் பல நிதிகளுக்கு இந்த எண்ணே அடிப்படை. மாணவர்களைவிட அங்கேயே வாழும் ஏழைக் குடும்பங்களுக்குத்தான் அடி பலம் என்பேன். பிறகு திருத்தம் கோர 2023 வரை வழி இருந்தது. ஆனால் அதனால், நாடாளுமன்ற இடங்களை மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகுதிப் பங்கீடு மாறாது. அடுத்த கணக்கெடுப்பு 2030-இல்தான்.