வாசகர் கேள்வி பதில்: தாத்தாவோட ஸ்டுடியோ ஸ்டாண்டுல புது கேமராவ உக்கார வைக்கலாமா?

கேள்வி (கும்பகோணத்துலேர்ந்து ஒரு வாசகர்): வணக்கம் சார். எங்க தாத்தா 1950கள்ல ஸ்டுடியோ நடத்துனவரு. அவரோட ஃபுல் பிளேட் கேமரா (பெரிய கண்ணாடித் தட்டுல படம் எடுக்கிறது) கைமாறிப் போயிடுச்சு, அது நின்ன ஸ்டாண்டு மட்டும் மாடி ரூம்ல கெடக்கு. முழுக்க தேக்கு, கீழ சின்ன இரும்புச் சக்கரம், ஒரு கைச்சக்கரத்த சுத்துனா மேல் பலகை ஏறி இறங்கும், இன்னொண்ண சுத்துனா முன்னால சாயும். பலகை நடுவுல ஒரு அடி நீளத்துக்கு வெட்டு இருக்கு, கீழ வரைக்கும் கை விட்டா வருது. நான் போன வருஷம் 4க்கு 5 இஞ்ச் ஃபிலிம் போடுற மர கேமரா ஒண்ணு வாங்கினேன், 210 எம்எம் லென்ஸோட மூணு கிலோ வருது. ஆசாரி, பலகையில ஒரு ஓட்டைய போட்டு நேரா போல்ட் மாட்டிடலாம்னு சொல்றாரு. செய்யலாமா?

பதில்: ஓட்டை மட்டும் போட்டுடாதீங்க சார், தயவு செஞ்சு. அந்த நீள வெட்டு சும்மா வெச்சது இல்ல, உங்களுக்கு வேண்டிய வேலையே அதுலதான் இருக்கு. அந்தக் காலத்து ஸ்டுடியோ கேமரா நெறையதுல இன்னைக்கு மாதிரி டிரைபாட் ஓட்டை (முக்காலி ஸ்டாண்டுல மாட்டுற மரை ஓட்டை) கிடையாது, அடிப்பாகம் தட்டையா இருக்கும், பலகை மேல அப்படியே உக்காரும், கீழேர்ந்து ஒரு கைத்திருகு அந்த வெட்டு வழியா ஏறி கேமராவ புடிச்சுக்கும், தேவைப்பட்டா கொஞ்சம் தளர்த்தி முன்ன பின்ன தள்ளிக்கலாம். அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல 1900ல ஆரம்பிச்ச செஞ்சுரி கம்பெனி (1903லயே ஈஸ்ட்மன் கோடக் கைக்குப் போயிடுச்சு) இந்த மாதிரி கனமான கேமராவும் அதுக்கான ஸ்டாண்டும் நெறைய பண்ணுச்சு, நம்ம ஊர் ஆசாரிங்களும் அதே யோசனையில தேக்குல செஞ்சு குடுத்திருக்காங்க.

நீங்க பண்ண வேண்டியது நடுவுல ஒரு பலகை. முக்கால் இஞ்ச் மரைன் பிளைவுட், ஸ்டாண்டு பலகையோட அகலம், ஒரு அடி நீளம், அவ்ளோதான். கேமரா இந்தப் பலகையில நிக்கும், இந்தப் பலகை தாத்தா பலகையில நிக்கும், பழைய மரத்துல ஒரு ஆணி கூட ஏறாது. நாளைக்கு உங்களுக்கு ஒரு ஃபுல் பிளேட் கேமரா கெடச்சா ஸ்டாண்டு அப்படியே அதுக்கு ரெடியா இருக்கும்.

கேமராவ பலகையில மாட்டுற போல்ட்லதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. டிரைபாட் ஓட்டை ரெண்டே சைஸ்தான், கால் இஞ்ச் (அதாவது ரெண்டு நூல், இஞ்சுக்கு 20 மரை), இல்லன்னா மூணு நூல் (இஞ்சுக்கு 16 மரை). ஆனா இன்னைக்கு நட்டு போல்ட் கடையில போய் நின்னா மில்லிமீட்டர் போல்ட்தான் எடுத்துக் குடுப்பாங்க, ஆறு எம்எம் போல்ட் கால் இஞ்ச் ஓட்டையில உள்ள போற மாதிரியே போகும், நமக்கும் சரியா இருக்குன்னு தோணும், கணக்குப் பாத்தா அது இஞ்சுக்கு 25 மரைக்கு மேல, அதனால ரெண்டு மூணு சுத்துதான் கவ்வும், இன்னும் கொஞ்சம் இறுக்கினா பித்தளை மரைய வழிச்சு எடுத்துடும். எனக்கே நடந்துச்சு. சாய்ச்ச ஸ்டாண்டுல கேமரா லேசா அசையுதேன்னு பாத்தா மரை மொத்தமும் போயிருந்துச்சு, லேத் பட்டறையில குடுத்து பெருசா டேப் போட்டு (புது மரை வெட்டி) உள்ள புஷ் (சின்ன மரைக் குழாய்) வெச்சுத்தான் சரி பண்ணேன். அதனால கடையில கேக்கும்போதே "இஞ்ச் மரை போல்ட்"னு அழுத்திக் கேளுங்க. பழைய இங்கிலீஷ் விட்வொர்த் மரையா இருந்தாலும் பயப்பட வேண்டாம், மரையோட கோணம் 55 டிகிரி, அமெரிக்கன் மரை 60 டிகிரி, ஆனா இந்த ரெண்டு சைஸ்லயும் இஞ்சுக்கு எத்தன மரைங்கிறது ஒண்ணுதான், அதனால ஒண்ணுக்கொண்ணு சேரும்.

நீளமும் முக்கியம். ஓட்டைக்குள்ள ஒரு தீக்குச்சிய விட்டு ஆழத்த குறிச்சுக்குங்க, பலகைக்கு மேல நீட்டிக்கிற போல்ட் அதவிட ஒரு மில்லி ரெண்டு மில்லி கம்மியா இருக்கணும், அதிகமானா கேமரா அடிப்பலகைய உள்ளேர்ந்து நெம்பித் தூக்கிடும். போல்ட் தலை பிளைவுட் அடியில குழிக்குள்ள உக்காரணும், கீழ அகலமான வாஷர் போடுங்க. மரத்துக்கு வாஷர் எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லது.

பலகைய ஸ்டாண்டோட சேக்க ரெண்டு கைத்திருகு, ரெண்டும் அந்த வெட்டு வழியாவே. ஒண்ணு மட்டும் போட்டா கேமரா அதச் சுத்தித் திரும்பும். பிளைவுட்ல டீ-நட்டு (மரத்த கவ்வுற முள்ளு வெச்ச நட்டு) அடிக்கும்போது மேல் பக்கத்துலேர்ந்து அடிக்கணும், அப்பதான் கீழேர்ந்து இறுக்க இறுக்க அது மரத்த கவ்வும், கீழ்ப்பக்கத்துலேர்ந்து அடிச்சா இறுக்கும்போது பிடுங்கிட்டு வந்துடும். இங்க ரெண்டு பக்கமும் நம்ம சாமான்தான், எட்டு எம்எம் போட்டாலும் பரவாயில்ல. நடுவுல ரப்பர் ஷீட் வேண்டாம், அது ஸ்பிரிங் மாதிரி ஆடும், மெல்லிசா கார்க் ஷீட் ஒட்டுங்க.

அப்புறம் எடை எங்க விழுதுங்கிறத பாருங்க. தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணும்போது 210 எம்எம் லென்ஸ் ஃபிலிம்லேர்ந்து சுமாரா 210 எம்எம் தள்ளி இருக்கும். ஒரு முகத்த பாதி சைஸுக்கு எடுக்கணும்னா 315 எம்எம் வரைக்கும் பெல்லோஸ (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல இருக்கிற துருத்திய) நீட்டணும், அதாவது லென்ஸ் பத்து சென்டிமீட்டர் முன்னால போகுது, அது கூடவே எடையும் போகுது. கேமராவ பலகையோட ஒரு உருட்டுக் கட்டை மேல வெச்சு, பெல்லோஸ மூடி ஒரு தடவ நீட்டி ஒரு தடவ எங்க சமமா நிக்குதுன்னு பென்சில்ல குறிங்க, ஸ்டாண்டு பலகையோட நடு இந்த ரெண்டு கோட்டுக்கும் இடையில வர்ற மாதிரி வெட்டுல தள்ளி இறுக்குங்க. முன்னால சாய்க்கிற பழக்கம் இருந்தா பிளைவுட் பலகையோட பின் ஓரத்துல, கீழ் பக்கமா, ஒரு ரீப்பர் துண்டு ஸ்க்ரூ பண்ணுங்க, அது ஸ்டாண்டு பலகையோட பின் விளிம்புல மாட்டிக்கிற மாதிரி அளவு வெச்சா திருகு தளர்ந்தாலும் கேமரா வழுக்கிப் போகாது.

டிரைபாட் தலை (கேமராவ எல்லாப் பக்கமும் திருப்புற மூட்டு) வேணுமான்னு கேப்பீங்க. வேண்டாம். உங்க கேமராவுல பின்பக்கத்த கழட்டித் திருப்பிப் போட்டா நின்ன படம் படுத்த படமாயிடும், மேல கீழ சாய்க்க ஸ்டாண்டு இருக்கு, பக்கவாட்டுல திருப்ப சக்கரம் இருக்கு. தலைய நடுவுல வெச்சா ஆட்டம்தான் கூடும். படம் எடுக்கும்போது சக்கரத்துக்கு ஆப்பு வைங்க. பலகை மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு ஸ்டாண்ட லேசா தட்டிப் பாருங்க, தண்ணி அடங்க எவ்ளோ நேரம் ஆகுதோ அவ்ளோ நேரம் ஃபிலிம் ஹோல்டர் சொருகின அப்புறம் காத்திருந்துட்டு ஷட்டர அமுக்குங்க.

கேள்வி (மதுரை வாசகி): என்கிட்ட இருக்கிறது இரும்புத் தூண் ஸ்டாண்டு, உள்ள எடைக் கட்டை தொங்குது. லேசான கேமரா மாட்டி லாக்க தளர்த்தினா கேமராவ தாங்குற ஸ்டாண்டோட கை மேல பிச்சுக்கிட்டுப் போகுது, பயமா இருக்கு சார்.

பதில்: பயப்படறது சரிதான் அம்மா, அது உங்க கைய உடைக்கும். அந்தக் கட்டை பழைய கனமான கேமராவுக்குச் சமமா ஊத்துனது, இப்ப மறுபக்கம் எடை பத்தல. உள்ள இருக்கிற கட்டைய வெட்டவோ கழட்டவோ போகாதீங்க, கேமரா பக்கம் எடைய ஏத்துங்க. கேமராவுக்குக் கீழ கனமான இரும்புத் தகடு ஒண்ண அடிப்பலகையா போட்டு, ஜிம் தட்டு ஒண்ணு ரெண்டு சேத்து, லாக்க தளர்த்தினா ஸ்டாண்டோட கை நின்ன எடத்துலயே நிக்கிற வரைக்கும் ஏத்திக்கிட்டே வாங்க. ஒவ்வொரு தடவ தளர்த்தும்போதும் இன்னொருத்தர் ஸ்டாண்டோட கைய புடிச்சிருக்கணும். கேமராவ கழட்டும்போது ஸ்டாண்டோட கை முழுசா மேல போய் நின்னு லாக் ஆகி இருக்கட்டும். இதுக்கெல்லாம் முன்னாடி கம்பி ரோப்ப பாருங்க, ஒரு பிரி அறுந்திருந்தாலும் மொதல்ல அத மாத்துங்க.

கேள்வி (காரைக்குடி வாசகர்): ஸ்டாண்டு காலுக்கு அடியில மஞ்சளா மாவு கொட்டுது. பாலிஷ் போட்டா போதுமா?

பதில்: போதாது. கூட்டிப் பெருக்கிட்டு கீழ வெள்ளப் பேப்பர் போட்டு வைங்க, ஒரு வாரத்துல மறுபடி மாவு விழுந்தா பூச்சி உயிரோட இருக்கு, மரத்துக்கு மருந்து வைக்கிறவர கூப்பிடுங்க. ஆணி முனையால காலை அங்கங்க அழுத்திப் பாருங்க, பொதபொதன்னு உள்ள போச்சுன்னா அந்தக் கால மாத்தாம கேமரா ஏத்தக்கூடாது. கூடவே பழைய பிரிண்ட், கண்ணாடி நெகடிவ் இருந்தா அதே ரூம்ல வைக்காதீங்க. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல பழைய தமிழ் ஸ்டுடியோ படங்கள டிஜிட்டல் பண்ணி சேத்திருக்காங்க, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.