டூக்கான் போனா பனைக்கு என்ன?

கேள்வி: பிரேசில்ல காட்டைத் துண்டு துண்டா அழிச்சாலும், மிச்சமிருக்கற துண்டுல பனை மரம் தப்பிச்சுக்காதா சார்?

பதில்: தப்பிக்கும், ஆனா பழைய மாதிரி இருக்காது. பிரேசிலோட கிழக்குக் கரையோரம் இருக்கற அட்லாண்டிக் காட்டுல ஜுசாரான்னு ஒரு பனை, பார்க்க நம்ம பாக்கு மரம் மாதிரி ஒல்லியா இருக்கும். காபி, கரும்புன்னு காட்டை அழிச்சதுல நிறைய துண்டுகள்ல டூக்கான் மாதிரி பெரிய அலகுள்ள பழந்தின்னிப் பறவைங்க போயிடுச்சு, மிச்சமிருக்கற சின்னப் பறவைங்களால 12 மில்லிமீட்டருக்கு மேல உள்ள விதையை முழுங்கிப் பரப்ப முடியல, சின்ன விதைதான் பரவுது, அதனால அங்கெல்லாம் விதையே சின்னதாயிடுச்சுன்னு 2013ல சயின்ஸ் இதழ்ல ஆய்வு வந்துச்சு. சின்ன விதை சீக்கிரம் காஞ்சுடும், மழை தப்பினா அவ்வளவுதான். போதாக்குறைக்கு பால்மிட்டோன்னு குருத்தைத் திங்க வெட்டறாங்க, ஒத்தைத் தண்டு மரம், குருத்தை எடுத்தா மரமே காலி.