காலேஜ் லேப்டாப்புக்கு எந்த ஆன்டிவைரஸ்? வாசகர் கேள்விகள்

மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். புது லேப்டாப்போடு ஆன்டிவைரஸும் வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் கடைக்காரர். இலவசமாக நல்லது எதுவும் இல்லையா சார்?

இருக்கிறது, உங்கள் மகளின் லேப்டாப்பிலேயே. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. ஒரு காலத்தில் அதைப் பலரும் மதிக்கவில்லை என்பது உண்மைதான். இன்று ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் நடத்தும் சோதனைகளில் காசு கொடுத்து வாங்குபவற்றோடு சரிசமமாக நிற்கிறது. ஒரு மாணவிக்கு இதற்கு மேல் தேவையில்லை.

ஒன்றை மட்டும் பாருங்கள். புது லேப்டாப்பில் வேறொரு கம்பெனியின் ட்ரயல் ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கலாம். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். ட்ரயலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்தால் பச்சை டிக் தெரிய வேண்டும்.

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றில் எதைப் போடலாம்?

மூன்றுமே இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். வைரஸ் பிடிப்பதில் குறையில்லை. ஆனால் அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் மூலம் விற்றது 2020-ல் அம்பலமானது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-ல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அந்தத் துணை நிறுவனத்தை மூடிவிட்டார்கள், சரி. இருந்தாலும் அடிக்கடி எட்டிப் பார்க்கும் ‘அப்கிரேட் செய்’ விளம்பரங்களைச் சகித்துக்கொண்டு இதைப் போட எனக்குக் காரணம் தெரியவில்லை. டிஃபெண்டர் பிடிக்கவில்லை என்றால் பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பைப் போடுங்கள். எதைப் போட்டாலும் ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

ஜெராக்ஸ் கடையில் ப்ராஜெக்ட் பிரின்ட் எடுத்து வந்தேன். இப்போது பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ரிப்போர்ட் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. இந்த வைரஸ் உங்கள் ஃபைல்களை அழிப்பதில்லை. மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை வைக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் லேப்டாப்புக்கும் தொற்றிவிடும். எனவே எதையும் திறக்காமல், பென் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘வியூ’ பகுதிக்குப் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடுவதால்தான் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சற்றுக் கீழே ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும்; அதன் டிக்கையும் எடுங்கள். மங்கலாக உங்கள் ஃபைல்கள் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் அடைந்து கிடக்கும். வேர்டு, பிடிஎஃப் போன்ற உங்கள் ஃபைல்களை மட்டும் லேப்டாப்புக்குக் காப்பி செய்துவிட்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். டிக்கை மறக்காமல் பழையபடி போட்டுவிடுங்கள்.

அடுத்த முறை பிரின்டுக்குப் பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பிவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து லாக்அவுட் செய்யாமல் வருவது வைரஸைவிட மோசம்.

சீனியர் கொடுத்த ஆட்டோகேட் (வரைபட சாஃப்ட்வேர்) கிராக்கை, அதாவது காசு கட்டாமல் ஓடவைக்கும் திருட்டுப் பதிப்பைப் போட, ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்கிறது. ஐந்து நிமிடம்தானே?

அந்த ஐந்து நிமிடம் போதும். ‘அது வைரஸ் இல்லை, ஆன்டிவைரஸ் தப்பாகக் காட்டுகிறது’ என்று கூடவே ஒரு குறிப்பும் இருந்திருக்குமே? கதவைத் திறந்துவைத்தால் பூட்டு என்ன செய்யும்? ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் ‘ஸ்டாப்’ என்ற குடும்பம் மாணவர்களையும் வீட்டுப் பயனர்களையும் பாடாய்ப் படுத்தியது. அது பரவியதே பெரும்பாலும் கிராக் ஃபைல்கள் வழியாகத்தான். பூட்டப்பட்ட ஃபைனல் இயர் ப்ராஜெக்டை எந்த ஆன்டிவைரஸும் திறந்து தராது.

இதில் வேடிக்கை, ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். ஆட்டோடெஸ்க் தளத்தில் மாணவர் என்று நிரூபித்தால் ஓராண்டுக்குத் தருகிறார்கள், படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். கணக்கீட்டு சாஃப்ட்வேரான மேட்லேப்புக்குக் கல்லூரியில் லைசென்ஸ் இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். இல்லையென்றால் அதே மாதிரியான இலவச சாஃப்ட்வேர் ஆக்டேவ் இருக்கிறது.

திரையின் ஓரத்தில் ‘5 வைரஸ் உள்ளது’ என்று வந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேன் செய்தால் ஒன்றும் இல்லை.

வைரஸ் இல்லை, விளம்பரம். ஏதோ ஒரு படம் பார்க்கும் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா என்று கேட்டபோது ‘அலவ்’ அழுத்தியிருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்குங்கள்.

அண்ணனின் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆன்டிவைரஸால்தான் ஸ்லோவா?

ஸ்கேன் ஓடும்போது இழுக்கும். ஆனால் முக்கியக் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதைவிட அவசரமானது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டர் வைரஸ் பட்டியலைத் தொடர்ந்து புதுப்பித்தாலும் விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அடைக்காது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோகேட் அதில் ஓடாது; பாடத்துக்கு அது தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.