சிந்துன கதிர் யாருக்கு?

கேள்வி: எங்க அம்மாச்சி காலத்துல சம்பா அறுப்பு முடிஞ்சதும் வயல்ல இறங்கி கதிர் பொறுக்குவாங்களாம். யூதர்கள்கிட்டயும் இந்த வழக்கம் உண்டாண்ணா? – வாசகி, மன்னார்குடி

பதில்: உண்டும்மா, ஆனா அவங்களுக்கு அது வெறும் வழக்கம் இல்ல, அவங்க வேதத்துலயே இருக்கற சட்டம். வயலோட ஓரத்தை அறுக்காம விடணும், அறுக்கும்போது கையில இருந்து நழுவுனத திரும்ப எடுக்கக்கூடாது, ஒரு கதிர்க்கட்டை மறந்து விட்டுட்டு வந்துட்டா அதுக்காக திரும்பியும் போகக்கூடாது, எல்லாம் ஏழைக்கும் வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கும்தான். சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி தொகுத்த மிஷ்னாங்கற யூதச் சட்டநூல்ல இதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு, ஓரத்துல 60-ல ஒரு பங்குக்கு குறையாம விடணும்னு கணக்கும் சொல்லுது. ரெண்டு கதிர் சேர்ந்து விழுந்தா ஏழைக்கு, மூணு விழுந்தா வயக்காரருக்கு, அவ்வளவு நுணுக்கம்! எனக்கு ரொம்ப பிடிச்சது, யாருக்கு கொடுக்கலாம்னு வயக்காரர் ஆள் பாத்து கொடுக்க முடியாது, வர்றவங்க தானே எடுத்துக்கணும், யார் முன்னாடியும் கை நீட்ட வேண்டாம் பாருங்க.

அதே வேதத்துல வர்ற ரூத் கதை தெரிஞ்சிருக்கும். மோவாப்ல இருந்து மாமியாரோட பெத்லகேம் வந்த விதவைப் பொண்ணு, போவாஸ்ங்கறவரோட வயல்ல வாற்கோதுமைக் கதிர் பொறுக்கித்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. ரூத்தோட கொள்ளுப்பேரன்தான் தாவீது ராஜா. ஷவுவோத்ங்கற அறுப்புப் பண்டிகையில இன்னிக்கும் ஜெப ஆலயத்துல இந்தக் கதையை வாசிக்கறாங்க.

இன்னொண்ணு, இஸ்ரேல் மண்ணுல ஒவ்வொரு ஏழாவது வருஷமும் நிலத்தையே சும்மா போடணும். கடைசியா வந்தது 2021-22.