அறிவிப்பு வந்ததும் தெரிந்துகொள்ள வழி என்ன?

கேள்வி: என் மகன் அரசுத் தேர்வுகளுக்குப் படித்து வருகிறான். புதிய அறிவிப்பு வந்திருக்கிறதா என்று நாள்தோறும் பல இணையதளங்களைத் திறந்து பார்க்கிறோம். கூகுள் அலர்ட்ஸில் பதிவு செய்திருந்தும், ஓர் அறிவிப்பு எங்களுக்குத் தெரியவராமலே விண்ணப்பிக்கும் கடைசித் தேதி கடந்துவிட்டது. மாற்றம் ஏற்பட்டவுடன் தகவல் தரும் ஏற்பாடு வேறு ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ஆனால், 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கூகுள் அலர்ட்ஸ் உங்களுக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அந்தச் சேவை எந்த இணையதளத்தையும் நேரடியாகக் கண்காணிப்பதில்லை. நீங்கள் கொடுத்த சொற்களுக்குப் பொருந்தும் புதிய பக்கம் கூகுளின் தேடல் முடிவுகளில் இடம்பெறும்போதுதான் அது மின்னஞ்சல் அனுப்புகிறது. அந்தப் பக்கத்தைக் கூகுள் இன்னும் படித்திராவிட்டாலும், முக்கியமற்றது என ஒதுக்கிவிட்டாலும் தகவல் வராது. ‘சிறந்த முடிவுகள் மட்டும்’ என்ற அமைப்பை ‘எல்லா முடிவுகளும்’ என்று மாற்றினால் ஓரளவு பயன் கிடைக்கும். செய்திகளைத் தொடர்ந்து கவனிக்க அது நல்ல கருவிதான். ஒரு மாணவரின் விண்ணப்பத் தேதியை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

உங்கள் தேவைக்கு ஏற்றவை, குறிப்பிட்ட பக்கத்தையே கண்காணிக்கும் விஷுவல்பிங், டிஸ்டில் போன்ற சேவைகள். இவை குறித்த இடைவெளியில் பக்கத்தைத் திறந்து, முன்பு சேமித்து வைத்த படியோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் தெரிவிக்கின்றன. முழுப் பக்கத்தையும் கண்காணிக்கச் சொன்னால், பார்வையாளர் எண்ணிக்கையோ அன்றைய தேதியோ மாறும்போதெல்லாம் தகவல் வந்து குவியும். சில நாள்களில் நீங்களே அவற்றைத் திறக்காமல் விட்டுவிடுவீர்கள், உண்மையான அறிவிப்பும் அவற்றோடு போய்விடும். ஆகவே, அறிவிப்புப் பட்டியல் உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது அந்தத் தளத்தின் சர்வருக்கு வீண் சுமை என்பதோடு, உங்கள் கருவியைத் தளம் தடுத்துவிடவும் கூடும்.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது ஆர்.எஸ்.எஸ். (RSS) என்ற இணையத் தொழில்நுட்பம் என்பதே என் கருத்து. 1999இல் உருவான இம்முறையில், தளமே தன் புதிய பதிவுகளின் பட்டியலைத் தனிக் கோப்பாக வெளியிட, நம் செயலி அதைப் படித்துச் சொல்கிறது. இத்தகைய பட்டியல்களைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டபோது இந்தத் தொழில்நுட்பமே முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். அது இன்றும் இயங்குகிறது. பக்கத்தின் தோற்றம் மாறுவதால் எழும் பொய்த் தகவலுக்கு இதில் இடமில்லை. மக்களின் வாழ்வை நேரடியாகத் தொடும் அறிவிப்புகளை வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த வசதியைத் தர வேண்டும். அது சலுகை அன்று, கடமை.

இவ்வளவும் செய்த பின்னரும் ஓர் ஆபத்து எஞ்சியிருக்கிறது. சில தளங்களில் திருத்த அறிவிப்பைப் புதிதாகச் சேர்க்காமல், பழைய பி.டி.எஃப். கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் திருத்திய கோப்பை ஏற்றிவிடுவார்கள். அப்போது பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாது என்பதால், பக்கத்தை மட்டும் கண்காணிக்கும் கருவி எதையும் சொல்லாது. விண்ணப்பிக்க முடிவு செய்த தேர்வுகளுக்கு மட்டுமாவது, கடைசி வாரத்தில் அந்தக் கோப்பைப் புதிதாகப் பதிவிறக்கித் தேதியையும் தகுதி விவரத்தையும் உங்கள் மகன் தாமே சரிபார்க்கட்டும்.