மிளகாயில் வந்த வெற்றியா?

கேள்வி: ஜப்பானிய சமையல் கலைஞர் நோபு மட்சுஹிசா அமெரிக்காவில் கொடிகட்டிப் பறப்பதற்கு, பச்சை மீனில் மிளகாயும் மல்லித்தழையும் வைத்து உள்ளூர் நாக்குக்கேற்ப சுவையை மாற்றியதுதானே காரணம்?

பதில்: இல்லை. மிளகாய் கடைசியில் வைத்தது. அதற்கு முன்னால் டோக்கியோ ஷின்ஜுகுவில் ஒரு சுஷி (வினிகர் கலந்த சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீன் வைத்துத் தரும் உணவு) கடையில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் தொழில் படித்தவர் அவர். 1973-இல், 24 வயதில், பெருவின் லிமாவில் கூட்டாகக் கடை திறந்தார். செலவு விஷயத்தில் பங்காளியோடு ஒத்துவராமல் வெளியேறினார். அலாஸ்காவில் ஆங்கரேஜில் திறந்த கடை சில வாரங்களிலேயே தீக்கிரையானது. பெவர்லி ஹில்ஸில் சொந்தக் கடை வைக்க 1987 ஆயிற்று. நடிகர் ராபர்ட் டி நீரோ நியூயார்க்கில் கடை வைக்கக் கூப்பிட்டபோதுகூட உடனே தலையாட்டவில்லை. அந்தக் கடை திறந்தது 1994-இல்.

லிமாவில் வந்த தகராறைத்தான் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் சுஷி கடைகள் இடறும் இடங்களில் மீன் செலவுக் கணக்கும் ஒன்று. கிலோ 15 டாலருக்கு முழு சால்மன் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். தலை, முள், தோல், ஓரம் கழித்தால் 60 விழுக்காடு தேறும். அடக்கவிலை 25 டாலர் ஆகிவிட்டது. கணக்கு பார்க்கும் பங்காளி கண்ணில் 15-தான் படும். விலை ஏன் இவ்வளவு என்பார், மலிவு மீன் வாங்கச் சொல்வார். மலிவு மீனில் கழிவு இன்னும் கூடலாம்.

சட்டமும் உண்டு. அமெரிக்க விதிப்படி, பச்சையாகப் பரிமாறும் மீனை ஒட்டுண்ணி சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும். பெரிய சூரை (டூனா) வகைகளுக்கு விலக்கு. சாதாரண ஃப்ரீசரில் மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாகி, இளக்கும்போது நீர் விட்டு மீன் தொளதொளத்துவிடும். அதனால், விதி ஏற்கும் இன்னொரு வழிப்படி, மைனஸ் 35-இல் இறுக உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைத்த மீனை, அதற்கான சான்றோடு வாங்குவதே நல்லது.

சோறு இன்னும் நுட்பமானது. ஒரு கிலோ அரிசிக்கு 150 மில்லி அரிசி வினிகர், 60 கிராம் சர்க்கரை, 20 கிராம் உப்பு என்பது நடுத்தர அளவு. சூடாக இருக்கும்போதே ஊற்றிக் கிளற வேண்டும். ஆறிய சோறு உறிஞ்சாது, அடியில் தேங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகும். வெளியே வைப்பதானால் சோற்றின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; புளிப்பு குறைந்தால் எண் ஏறும்) 4.6-க்கு மேல் போகக்கூடாது. தினமும் அளந்து எழுதி வையுங்கள். அரிசி வினிகரின் புளிப்பு 4 விழுக்காட்டை ஒட்டியது, ஒயின் வினிகர் 6 வரை போகும். அளவை மாற்றாமல் ஊற்றினால் மீனின் ருசியே தெரியாது.

லண்டனில் கடை என்றால் தண்ணீரும் எதிரி. அங்கே குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம். 'கொம்பு' எனும் ஜப்பானியக் கடற்பாசியின் சாறு சரியாக இறங்காது, அதில் எடுக்கும் தாஷி எனும் அடிச்சாறு சப்பென்றிருக்கும். மென்னீர் ஆக்கும் வடிகட்டிக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

பங்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள், மீனை யார் தேர்ந்தெடுப்பது, எந்த விலை வரை கேட்காமல் வாங்கலாம் என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். சுவையை மாற்றுவது பற்றி அதன் பிறகு பேசலாம்.